ஓட்டல் அறைகளை எண்ணிக் கொடுக்கப்படும் ரக்பி

2030ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவானது. அதே வாரத்தில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி தொடங்கியது. இரண்டையும் கொண்டாடி எழுதப்பட்டவற்றில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வந்தது. பெரிய போட்டியை நம் மண்ணில் நடத்திவிட்டால் போதும், அந்த விளையாட்டு இங்கே தானாக வேர் பிடித்துவிடும் என்பது அது. அமெரிக்காவுக்கு 2031 ரக்பி உலகக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்தபோது உலக ரக்பி அமைப்பு சொன்ன நியாயமும் இதுவே. இந்த வாதம் தவறு என்று வெகுகாலமாக நினைத்துவருகிறேன். ரக்பியின் கதையே அதற்குப் போதுமான சாட்சி.

ஒத்துக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். போட்டி நடத்தக் கேட்கும் நாட்டிடம் மைதானம், மருத்துவ வசதி, பாதுகாப்பு, அரசின் பண உத்தரவாதம் எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது சரிதான். ரக்பி கழுத்தெலும்பு முறியக்கூடிய ஆட்டம். பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் நடத்த முடியாது. உலகக் கோப்பையில் வரும் வருமானத்தை நம்பித்தான் சிறிய நாடுகளின் ரக்பி சங்கங்கள் பிழைக்கின்றன என்பதும் உண்மை. ஆட்டமே இல்லாத இடத்துக்குத்தான் எப்போதும் போட்டி போகிறது என்றும் சொல்ல மாட்டேன். ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்ட செஸ் ஒலிம்பியாட் 2022இல் மாமல்லபுரத்துக்கு வந்தபோது, இங்கே அரை நூற்றாண்டாகப் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒரு சமூகம் அதை வரவேற்றது. மானுவல் ஆரோனும் ஆனந்தும் முன்பே வந்துவிட்டார்கள், போட்டி பின்னால் வந்தது.

என் ஆட்சேபம் அந்த வரிசையைப் பற்றியது. நான் இருக்கும் வேங்கிக்காலில்தான் திருவண்ணாமலை மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. கார்த்திகை தீபம் நெருங்கும்போது எத்தனை சிறப்புப் பேருந்து, எந்தெந்தச் சாலையில் தற்காலிகப் பேருந்து நிலையம், குடிநீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று கூட்டம் கூட்டமாகப் போட்டுப் பேசுவார்கள். லட்சக்கணக்கில் ஜனம் வரும்போது அந்தக் கணக்கு அவசியம். ஆனால் பேருந்துகளை எண்ணி இந்த ஊரின் பக்தியை அளந்துவிட்டதாக எந்தக் கலெக்டரும் சொன்னதில்லை. ரக்பி உலகக் கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். விமான நிலையம், ஓட்டல் அறைகள், மைதானத்தின் இருக்கைகள், அரசு எழுதிக்கொடுக்கும் உத்தரவாதம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த ஊரில் பையன்களும் பெண்களும் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்களா, போட்டி முடிந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு கூடுதலாக எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதற்குப் பெரிதாக எடை இல்லை. ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் பார்ப்பவரும் இல்லை.

2003 உலகக் கோப்பையை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்துவதாக இருந்தது. ரக்பி வெறி பிடித்த நாடு என்று உலகில் ஒன்றைச் சொல்வதானால் அது நியூசிலாந்து. வேறு விளம்பரங்கள் இல்லாமல் மைதானங்களைத் துடைத்துக் கொடுக்க வேண்டும், சிறப்புப் பெட்டி இருக்கைகளையும் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையில் தகராறு வந்தது. 2002இல் அந்த நாட்டின் பங்கு பறிக்கப்பட்டது. மொத்தப் போட்டியும் ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. ஒரு விளம்பரப் பலகைக்கும் ஒரு நாட்டின் ரக்பிக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது இந்த அமைப்பு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

பிறகு 2017. தென்னாப்பிரிக்கா, பிரான்சு, அயர்லாந்து மூன்றும் 2023 உலகக் கோப்பையை நடத்தப் போட்டியிட்டன. தனி ஆய்வு நடந்து தென்னாப்பிரிக்காவுக்கு 78.97, பிரான்சுக்கு 75.88, அயர்லாந்துக்கு 72.25 என்று புள்ளி போடப்பட்டது. தென்னாப்பிரிக்காவைப் பரிந்துரைப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து லண்டனில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. முதல் சுற்றில் பிரான்சு 18, தென்னாப்பிரிக்கா 13, அயர்லாந்து 8. இரண்டாவது சுற்றில் 24க்கு 15 என்று பிரான்சு வென்றது. இரண்டு தசமப் புள்ளி வரை துல்லியமாகப் போட்ட மதிப்பெண் ஒரு பிற்பகலில் குப்பைக்குப் போனது. யார் ஏன் மாற்றி வாக்களித்தார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெரிய நாடுகளுக்குத் தலா மூன்று ஓட்டு. ஜப்பான் நீங்கலாக ஆசியா முழுவதற்கும் கூட்டமைப்பு வழியாக இரண்டே ஓட்டு. உலகத் தரமான ஆட்டக்காரர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுத் தரும் ஃபிஜிக்கு அன்று தனி ஓட்டே கிடையாது.

ரகசிய வாக்கெடுப்பின் இந்த அவமானத்துக்குப் பிறகு முறையை மாற்றினார்கள். எப்படி மாற்றினார்கள் என்று பாருங்கள். 2022 மே மாதம் டப்ளினில் ஒரே கூட்டத்தில் ஐந்து உலகக் கோப்பைகளைப் பங்கிட்டார்கள். பெண்கள் 2025 இங்கிலாந்துக்கு, ஆண்கள் 2027உம் பெண்கள் 2029உம் ஆஸ்திரேலியாவுக்கு, ஆண்கள் 2031உம் பெண்கள் 2033உம் அமெரிக்காவுக்கு. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே பேசி முடித்த ஒரே ஒரு பெயர். வாக்கெடுப்பில் தவறு நடந்தது என்பதால் நாடுகளுக்கிடையிலான போட்டியையே எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்கத் தேர்வு என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. 2018இல் எழுவர் ரக்பி உலகக் கோப்பை சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. பேஸ்பால் மைதானத்தில் நல்ல கூட்டம். நடத்தினால் வளரும் என்ற கொள்கைப்படி அதன் பிறகு அமெரிக்க ரக்பி செழித்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் அமெரிக்க ரக்பி சங்கம் திவால் மனு போட்டது. அந்தப் போட்டியில் பட்ட நஷ்டமும் அதற்கு ஒரு காரணம். இரண்டு ஆண்டு கழித்து அதே நாட்டுக்கு ஆண்கள், பெண்கள் என இரண்டு உலகக் கோப்பைகள். கொடுத்த சில மாதத்தில் அமெரிக்க ஆண்கள் அணி சிலியிடம் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. பிறகு துபாயில் போர்ச்சுகலுடன் சமன் செய்து, 2023 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாமலே நின்றது. அமெரிக்காவில் தேடப்படுவது சந்தை. அதைச் சந்தை என்றே சொல்லியிருக்கலாம்; விளையாட்டை வளர்ப்பதாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜப்பான் 2019ஐ எதிர்வாதமாக எடுத்துக் காட்டுவார்கள். ஆசியாவின் முதல் உலகக் கோப்பை, அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் வீழ்த்திய ஜப்பான் அணி, நிரம்பி வழிந்த அரங்குகள் எல்லாமே உண்மை. அந்தப் போட்டியில் என் மனத்தில் நிற்பது கமைஷி. கடற்கரையோர இரும்பு ஆலை ஊர் அது. அந்த ஆலைத் தொழிலாளர் அணி எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் தொடர்ந்து ஏழு முறை தேசிய சாம்பியன். 2011 சுனாமியில் ஊரில் பெரும்பகுதி போனது. அடித்துச் செல்லப்பட்ட பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் புதிய மைதானம் கட்டி, ஃபிஜியும் உருகுவேயும் அங்கே மோதின. உருகுவே 30–27 என்று வென்றது. பன்னிரண்டு ஊர்களில் கமைஷி போன்ற ஒன்றைச் சேர்க்க முடிந்தது என்றால், ஆட்டத்தின் வேரைப் பார்த்தும் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதே 2019 மார்ச்சில், சூப்பர் ரக்பி லீகில் ஆடிவந்த ஜப்பானின் சன்வுல்வ்ஸ் அணி 2020க்குப் பிறகு இருக்காது என்று அறிவிக்கப்பட்டது. அந்த லீகை நடத்துவது வேறு அமைப்பு, பணத் தகராறும் இருந்தது, தெரியும். உலகக் கோப்பைக்கு ஆறு மாதம் இருக்கும்போது, அதை நடத்தும் நாட்டின் அணிக்குக் கதவைச் சாத்தியவர்கள் ரக்பியின் பெரிய நாடுகளே என்பதும் தெரியும்.

நமக்குப் பக்கத்தில் இலங்கை இருக்கிறது. 1945 முதல் கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு மைதானம் நிறைகிறது. கண்டி போகம்பரை மைதானத்தில் ஒரு காலத்தில் சர்வதேச எழுவர் ரக்பி நடந்தது. உலகக் கோப்பைக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறாத நாட்டில் இப்படிப்பட்ட ரசிகர் கூட்டம் வேறெங்கே இருக்கிறது? அந்த மதிப்பெண் பட்டியலை வைத்துப் பார்த்தால் கண்டி எந்தக் காலத்திலும் தேறாது. நெடுஞ்சாலைக்கும் விமான நிலையத்துக்கும் கொடுக்கும் புள்ளியில் பாதியையாவது அந்தப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொடுத்திருந்தால் கதை வேறு.

இனி இந்தியாவுக்கு வருவோம். ரக்பியில் நாம் நடத்திய மிகப் பெரிய போட்டி 2010 டெல்லி காமன்வெல்த் எழுவர் ரக்பி. அக்டோபரில், டெல்லிப் பல்கலைக்கழக மைதானத்தில், இரண்டே நாளில் முடிந்தது, நியூசிலாந்துக்குத் தங்கம். அந்தப் போட்டிகளுக்காகப் பல்கலைக்கழக மாணவர்களை விடுதிகளிலிருந்து வெளியேறச் சொன்னார்கள், மாணவர்கள் போராடினார்கள். மாணவர்கள் ரக்பி ஆடுவதற்காகக் கட்டிய மைதானம் என்று எந்த முகத்தோடு சொல்வது? பதின்மூன்று ஆண்டு கழித்து 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ரக்பிக்கு இந்தியா அனுப்பியது பெண்கள் அணியை மட்டும். அந்தப் பெண்கள் வரும் வழியும் டெல்லி மைதானத்தின் வழி அல்ல. ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் புவனேசுவரம் விடுதிப் பள்ளியும், பீகாரின் நாளந்தா மாவட்டமும், வங்காளமும், மகாராஷ்டிரமும் உருவாக்கியவர்கள் அவர்கள். பெரும்பாலும் ஒரு உடற்பயிற்சி ஆசிரியர், ஒரு பந்து, கட்டாந்தரை.

நாளந்தாவைச் சேர்ந்த ஸ்வேதா ஷாஹி இந்திய அணிக்கு ஆடத் தொடங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான், 2025 ஆகஸ்டில், அதே மாவட்டத்தின் ராஜ்கிருக்கு ஆசிய 20 வயதுக்குட்பட்டோர் எழுவர் ரக்பி வந்தது. இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். இந்த வரிசையைத்தான் நான் கேட்கிறேன். அங்கே பார்க்க வந்த பெண் பிள்ளைக்கு, ஆடுகிறவள் தன் பக்கத்து ஊர்க்காரி.

தமிழ்நாட்டின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் நடந்த முதல் ரக்பி பிரிமியர் லீகில் சென்னை புல்ஸ் கோப்பையை வென்றது, இறுதி ஆட்டத்தில் டெல்லியை 41–0 என்று நசுக்கி. இங்கே வேங்கிக்காலில் அதைத் தொலைக்காட்சியில் பார்க்க முடிந்தது. சென்னைக்காரரும் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். எல்லா ஆட்டமும் மும்பை அந்தேரியில். சென்னை என்ற பெயர் சட்டையில் இருந்தது, ஒரு ஆட்டம்கூடச் சென்னையில் இல்லை. முதல் வருடம், செலவு, மழைக்காலம் என்று காரணம் சொல்வார்கள். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வேறு காரணம் வரும். ரக்பி என்றால் என்னவென்று தெரியாத ஊரில், ஊர்ப் பெயரை மட்டும் விற்றுவிட்டுப் போவது எந்த வளர்ச்சியையும் கொடுக்காது.

ஹாக்கியிலும் இதே கணக்கு ஓடியதால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். ஜூனியர் உலகக் கோப்பைக்காக மதுரை ரேஸ்கோர்ஸில் புதிய செயற்கைப் புல் தரை போட்டார்கள். மதுரைக்கு வந்தது பற்றி எனக்கு மகிழ்ச்சியே; சென்னையை விட்டுப் போட்டி வெளியே வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் ஹாக்கி குடியிருக்கும் ஊர் எது என்று எந்த விளையாட்டு ஆசிரியரைக் கேட்டாலும் கோவில்பட்டி என்பார். தெருத் தெருவாகக் கிளப்புகள், லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டிக்கு நாடு முழுவதிலிருந்தும் வரும் அணிகள், இந்திய அணிவரை போன மாரீஸ்வரன் சக்திவேல். செயற்கைத் தரையும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. விமான நிலையமும் நட்சத்திர ஓட்டலும் இல்லை. மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. வெளிநாட்டு அணிகளை மதுரையில் தங்கவைத்து இரண்டு மூன்று நாள் ஆட்டத்தையாவது கோவில்பட்டியில் நடத்தியிருக்கலாம். அப்படிக் கேட்பதற்கு விதிமுறையில் ஒரு கட்டம்கூட இல்லை.

அகமதாபாத் 2030இல் எழுவர் ரக்பி இருக்குமா என்பது 2025 நவம்பரில் முடிவாகியிருக்கவில்லை. 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. சேர்க்கப்பட்டால் அந்த ஆட்டங்களைக் குஜராத்துக்குள் அடைக்காமல் ராஜ்கிரிலோ புவனேசுவரத்திலோ நடத்த வேண்டும் என்று இந்திய ரக்பி சங்கம் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று நாள் விஷயம். புதிய மைதானம் கட்ட வேண்டியதில்லை. போட்டி நகரத்தை விட்டு ஒரு விளையாட்டு வெளியே போகக் கூடாது என்று எவராவது சொன்னால், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்கு எங்கே நடந்தது என்று கேளுங்கள். பாரிசிலிருந்து பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கடலில், தாஹிட்டித் தீவில் நடந்தது.