ஷான்டால் அகெர்மான்: தாயின் கடிதங்கள், மகளின் மௌனம்

பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அகெர்மான் (1950–2015) சொந்த வாழ்க்கையைப் படமாக்கியவராக அறியப்படுபவர். ஆனால் தாய் நத்தாலியாவை மையமாகக் கொண்ட அவரது இரு படங்களிலும் வாக்குமூலம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. அவற்றின் நேர்மை அவர் சொல்லாமல் விட்டவற்றில் உள்ளது.

அகெர்மான் 1971-ல் பிரஸ்ஸல்ஸிலிருந்து நியூயார்க் சென்றார். அப்போது தாய் எழுதிய கடிதங்களே 'நியூஸ் ஃப்ரம் ஹோம்' படத்தின் உரை. 1976-ல் மீண்டும் அந்நகருக்குச் சென்று, ஒளிப்பதிவாளர் பாபெட் மங்கோல்ட்டுடன் தெருக்களையும் சுரங்க ரயிலையும் படமாக்கினார். கடிதங்களில் பெரிய செய்தி எதுவுமில்லை. உடல்நலம், பணம், பிறந்தநாள், ஏன் அடிக்கடி எழுதுவதில்லை என்ற மனத்தாங்கல். வெளியூரில் பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் எழுதப்படக்கூடியவை.

அவற்றை அகெர்மானே ஏற்ற இறக்கமில்லாமல், கடமைக்கு வாசிப்பதுபோல வேகமாக வாசிக்கிறார். ரயில் வரும்போது அதன் இரைச்சலில் தாயின் சொற்கள் மூழ்கிவிடுகின்றன. குரல் தழுதழுத்திருந்தால் மகளின் பாசத்துக்குச் சான்றாகியிருக்கும். பார்வையாளர் அவரை எளிதில் மன்னித்திருப்பார். இங்கே அந்த வசதி இல்லை. மகள் எழுதிய பதில்கள் படத்தில் ஓரிடத்திலும் வருவதில்லை. தாயின் ஏக்கம் மட்டும் கேட்கிறது, அதற்கு எதிரே அந்நிய நகரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தாயின் அந்தரங்கக் கடிதங்களைப் பொதுவில் வைப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. அதில் சங்கடப்பட வேண்டியவர் தாயல்ல, பதில் தெரியாத மகள்தான் என்பதையும் படமே காட்டிவிடுகிறது.

'நோ ஹோம் மூவி' (2015) நத்தாலியாவின் கடைசி மாதங்களைப் பதிவு செய்கிறது. அவர் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பியவர், அதைப் பற்றி மகளிடம் அதிகம் பேசாதவர். அகெர்மான் அவரை வற்புறுத்துவதில்லை. சமையலறையில் உருளைக்கிழங்கு சாப்பிட்டபடியே பேச்சு நடக்கிறது, கேமரா ஓரமாக எங்கோ வைக்கப்பட்டிருக்கிறது. இடையில் வரும் பாலைவனக் காட்சிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. அந்த வெறுமையைச் சமையலறையே சொல்லிவிடுகிறது. ஸ்கைப் உரையாடல்களில் தாயின் முகம் தெளிவிழக்கிறது. விடைபெற்ற பிறகும் இருவரும் இணைப்பைத் துண்டிக்காமல் திரும்பத் திரும்ப விடைபெறுகிறார்கள்.

தாய் இறந்தது 2014-ல். படத்தின் இறுதிப் பகுதியில் அகெர்மான் படுக்கையில் அமர்ந்து காலணிக் கயிற்றைக் கட்டுகிறார், எழுந்து திரைச்சீலையை இழுத்து மூடுகிறார். அதன்பின் ஆளில்லாத வீடு மட்டும்.