ரொம் ஜோட்டின் ஆவி: உருவமும் உள்ளடக்கமும்

செல்வந்தனான கலைஞன் ஒருவன் வறியவர்களைப் பற்றிப் பாடுகையில், அதனை ஐயத்துடன் நோக்குவது நம்மவர் இயல்பு. அவ்வையம் நியாயமற்றதன்று. அமெரிக்க றொக் பாடகர் புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன் 1995ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட ‘த கோஸ்ற் ஒவ் ரொம் ஜோட்’ என்னும் பாடற்றொகுதியை மதிப்பிட முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளவேண்டியது இவ்வினாவையே. நியூ ஜேர்ஸி மாநிலத்திலே சாதாரண தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். எனினும், 46ஆவது வயதில் இத்தொகுதியை ஆக்கியபோது உலகறிந்த செல்வந்தராக இருந்தார். லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள தமது வீட்டு ஒலிப்பதிவுக்கூடத்திலேயே இதனைப் பதிவுசெய்தார். பிறப்பைக் காட்டி அவரை மன்னிப்பதும், பணத்தைக் காட்டி அவரை நிராகரிப்பதும் ஒருங்கே எளிய காரியங்கள். பாடல்களைக் கேட்பதுதான் சற்றுக் கடினம்.

உருவத்தைப் பற்றி முதலிற் கூறவேண்டும். 1984இல் அவர் வெளியிட்ட ‘போர்ண் இன் த யூ.எஸ்.ஏ.’ என்ற பாடல், வியட்நாம் போரிலிருந்து மீண்டு வேலையின்றி அலையும் ஒருவனின் கதை. ஆனால் முரசொலியும் பல்லவியும் அக்கதையை விழுங்கிவிட்டன. இலட்சக்கணக்கானோர் அதனைத் தேசப்பெருமைப் பாடலாகவே பாடினர். அவ்வாண்டுத் தேர்தற் பிரசாரத்தின்போது சனாதிபதி றேகன், நியூ ஜேர்ஸிக் கூட்டமொன்றிலே பாடகரின் பெயரைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தினார். உள்ளடக்கம் எவ்வளவு முற்போக்கானதாயினும், பொருந்தாத உருவம் அதனை எதிரியின் கையிற் கொடுத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பதரிது. 1995ஆம் ஆண்டுத் தொகுதியில் அத்தவறு இல்லை. கிற்றார், ஹார்மோனிக்கா, சில பாடல்களில் மெல்லிய துணைவாத்தியங்கள், குரலோ முணுமுணுப்பு. இப்பாடல்களைக் கூட்டமாக நின்று கோஷிக்க எவராலும் இயலாது. தொகுதியைத் தொடர்ந்து தனியாக மேடையேறிய அவர், தாம் பாடுகையில் மௌனமாயிருக்குமாறு சபையோரைக் கேட்டுக்கொள்ளவேண்டியிருந்தது.

தலைப்பிலுள்ள ரொம் ஜோட், ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் எழுதிய ‘த கிரேப்ஸ் ஒவ் றாத்’ நாவலின் நாயகன். நிலமிழந்து ஒக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் செல்லும் குடும்பத்தின் மகன். ஜோன் போர்ட் 1940இல் அந்நாவலைத் திரைப்படமாக்கினார். அதே ஆண்டில் வூடி கத்றி அதனை நெடும்பாடலாக்கினார். ஆக, பழைய மரபொன்றிலேயே ஸ்பிறிங்ஸ்ரீன் வந்து சேர்கிறார். ஆயின் இத்தொகுதிக்கு உண்மையான ஊற்று வேறொரு நூல் என்பதே எமது கருத்து. டேல் மகறிஜ் எழுத, மைக்கேல் வில்லியம்ஸன் புகைப்படங்களெடுத்த ‘ஜேர்ணி ரு நோவெயர்’, 1985இல் வெளியானது. வேலையிழந்து சரக்குப் புகையிரதங்களில் ஊர்விட்டு ஊர் அலைந்த மனிதரோடு அவர்களும் கூடப் பயணஞ்செய்து எழுதியது. அந்நூலின் நேரடிப் பயனாக இரு பாடல்கள் பிறந்தன. அவற்றுள் ஒன்று ‘யங்ஸ்ரவுண்’.

இப்பாடலைச் சற்று விரிவாகவே நோக்குதல் தகும். ஒகையோ மாநிலத்து யங்ஸ்ரவுண் உருக்கு நகரம். 1977ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி, திங்கட்கிழமை, அங்குள்ள கம்பெல் ஆலை மூடப்படுமென அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐயாயிரம்பேர் வேலையிழந்தனர். பின்னர் ஏனைய ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. பாடல் இவ்விடத்திற் தொடங்கவில்லை. 1803இல் அப்பள்ளத்தாக்கில் இரும்பு கண்டெடுக்கப்பட்டதிலிருந்து தொடங்குகிறது. உள்நாட்டுப் போருக்குக் குண்டு வார்த்த உலை, பிந்திய போர்களுக்கு டாங்கி வார்த்த உலை, அவ்வுலையில் வெந்த தந்தை, அவன் வழியே மகன், போருக்குச் சென்று மீளாத பிள்ளைகள். யாருடைய உழைப்பால் யார் செல்வரானார் என்ற கேள்வியைக் கடைசியில் அவன் முதலாளியை நோக்கியே எழுப்புகிறான். அனுதாபத்தை எவரும் பாடலாம். உழைப்பின் வரலாற்றைப் பாடுவதற்குக் கற்றிருக்கவேண்டும். ஸ்பிறிங்ஸ்ரீன் கற்றிருக்கிறார். 1996 ஜனவரியில் அந்நகரிலேயே அவர் இப்பாடலைப் பாடினார். செல்வன் பாடலாமோ என்ற வினாவுக்கு எமக்குத் தெரிந்த விடை இதுவே.

‘கல்வெஸ்ரன் பே’ என்ற பாடலும் குறிப்பிடத்தக்கது. ரெக்சாஸ் கடற்கரையில் வியட்நாமிய அகதி மீனவர்க்கும் வெள்ளை மீனவர்க்கும் மூண்ட பகைமையைக் கூ குளக்ஸ் குளான் இயக்கத்தினர் 1981இல் ஊதிப் பெருக்கினர். அந்நிகழ்வுகளின் நிழலில் எழுந்த கதையிது. கத்தியுடன் இருளிற் காத்திருக்கும் வெள்ளை மீனவன், ஈற்றிற் கத்தியைப் பையில் வைத்துவிட்டு அவனைப் போகவிடுகிறான். காரணம் கூறப்படவில்லை. அது கூறப்பட்டிருப்பின் பாடல் கெட்டிருக்கும்.

குறைகளையும் மறைத்தலாகாது. பன்னிரு பாடல்களுட் சில ஒன்றையொன்று ஒத்த மெட்டிலே நடக்கின்றன. எல்லைகடந்துவரும் மெக்சிக்கோ இளைஞரைப் பற்றிய ‘சினலோவா கௌபோய்ஸ்’ போன்றவற்றைப் பாடல்வரிகளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கவேண்டியிருக்கிறது. சிறுகதையாக எழுதியிருக்கலாமே என்றுகூடத் தோன்றும். இதனினும் பெரிய குறையொன்றுண்டு. ஸ்ரைன்பெக்கின் நாவலில் ‘நான்’ என்பது மெல்ல மெல்ல ‘நாம்’ ஆகிறது, வேலைநிறுத்தம் வருகிறது, அடியுண்டவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். இத்தொகுதியின் மாந்தரோ தனித்தனியே பாலத்தின் கீழும் பாலைநிலத்திலும் இருக்கின்றனர். தொழிற்சங்கங்கள் நலிந்திருந்த 1995இன் அமெரிக்காவில் அதுதான் உண்மை என்று கூறலாம். உண்மையேயாயினும், அது பாதியுண்மை. கூட்டுக்குரலைத் துறந்ததனாற் பாடகர் பெற்ற தெளிவுக்குக் கொடுத்த விலை இது.

தலைப்புப் பாடலின் பிற்கால வரலாறு இவ்வகையிற் கவனிக்கத்தக்கது. 1997இல் ‘றேஜ் அகெய்ன்ஸ்ற் த மெஷின்’ குழுவினர் அதனை ஆவேசமான றொக் பாடலாக்கினர். அக்குழுவின் கிற்றார்க் கலைஞர் ரொம் மொறெல்லோ 2008இல் ஸ்பிறிங்ஸ்ரீனுடனேயே மேடையேறி அதனை மின்கிற்றாருடன் வாசித்தார். இருவரும் இணைந்த வடிவம் 2014இல் வெளிவந்த ‘ஹை ஹோப்ஸ்’ தொகுதியில் இடம்பெற்றது. இம்முறை ஓசை கதையை விழுங்கவில்லை. முதலில் தனியே முணுமுணுத்துக் கதையை நிலைநாட்டியிருந்தமையால், கூட்டம் சேர்ந்து பாடியபோதும் அவர்கள் பாடியது அதையேதான்.