அரங்கத் தொழில்நுட்ப மாணவரின் பணிக்கோவை: சில விமர்சனக் குறிப்புகள்

நாடகம் ஒரு கூட்டுக்கலை என்னும் கூற்று எமது விமர்சன எழுத்துக்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்று வந்துள்ளது. எனினும் அவ்வெழுத்துக்கள் நாடகாசிரியனையும் நெறியாளனையும் நடிகனையும் விரிவாக நோக்கிவிட்டு, விளக்கைக் கையாண்டவனையும் உடை தைத்தவளையும் ஒற்றை வரிப் பாராட்டுடன் வழியனுப்பிவிடுகின்றன. நாமும் அவ்வாறு எழுதியவர்களே. மூளை உழைப்பையும் உடல் உழைப்பையும் வேறுபிரித்து, முன்னதற்கே பெயரும் வரலாறும் வழங்கும் வர்க்க சமுதாயத்தின் பழக்கம், முற்போக்கு அரங்கு பற்றிப் பேசும் எம்மிடமும் குடிகொண்டிருந்தது.

இந்நிலையிலேயே, அரங்கியல் பயிலும் மாணவர் தமது மேடையமைப்பு, ஒளி, உடை வேலைகளைத் தொகுத்து வைக்கும் பணிக்கோவை கவனத்துக்குரியதாகின்றது. மேலைநாடுகளில் இது பெரும்பாலும் தொழில் தேடுவோர் கொண்டுசெல்லும் மாதிரித் தொகுதி. உழைப்பை விற்றே வாழவேண்டிய சமுதாயத்தில் மாணவர் தம் திறனுக்குச் சான்று தேடுவதை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் அழகிய புகைப்படங்களை மட்டும் அடுக்கிய கோவை, முடிந்த பண்டத்தைக் காட்டி அதனை ஆக்கிய உழைப்பை மறைத்துவிடுகின்றது.

இதற்கு மாறானதோர் முன்மாதிரி ஜெர்மனியில் உண்டு. 1948இல் சுவிற்சர்லாந்தின் கூர் நகரில் பிறெக்ற் 'அன்ரிகனி'யை மேடையேற்றியபோது, ரூத் பேர்லாவ் எடுத்த புகைப்படங்களும் காட்சிக் குறிப்புகளும் 1949இல் மாதிரிநூலாக வெளிவந்தன. மேடையமைப்பாளர் காஸ்பர் நேஹர் வெறும் பின்திரை வரைபவராக இருந்தாரல்லர்; பாத்திரங்கள் எவ்வாறு நிற்பர், ஒருவரையொருவர் எவ்வாறு நோக்குவர் என்பதனையே வரைந்து காட்டினார். 1949இல் பேர்லினில் மேடையேறிய 'துணிவுத் தாய்' பற்றிய குறிப்புகளிலோ, ஒளி இயன்றளவு வெண்மையாகவும் செறிவாகவும் வைக்கப்பட்டதற்கான காரணமும் உண்டு. எது செய்யப்பட்டது என்பதுடன் ஏன் செய்யப்பட்டது என்பதும் பதிவாகின்றது. இத்தகைய மாதிரிகள் பின்வருவோரின் கைகளைக் கட்டிவிடும் என்ற கண்டனம் அன்றே எழுந்தது. காரணம் தெரிந்தவனே மாற்றத் துணிவான் என்பதே எமது கருத்து.

எமது சூழலுக்கு வருவோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 1968இல் 'வாலி வதை' எனப் பேராதனையில் கூத்தினைப் புதிதாக மேடையேற்றினார். சுற்றிலும் மக்கள் இருந்து பார்த்த வட்டக்களரி ஆட்டம், ஒருபுறம் மாத்திரம் பார்வையாளர் கொண்ட படச்சட்ட மேடைக்கு வந்தது. ஆட்டக்கோலங்கள் திசை மாறின, விடிய விடிய ஆடியது சில மணி நேரமாகச் சுருங்கியது, மின்னொளி புகுந்தது. பாடல், ஆட்டம், நடிப்புப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. எந்த விளக்கு எங்கே தொங்கியது, கரப்புடுப்பு மேடையொளியில் எவ்வாறு தோன்றியது என்பன பற்றிய எழுத்து மிக அரிது. அரைநூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு பரிசோதனையின் பொருளியல் அடித்தளம் நினைவுகளில் மாத்திரம் தங்கியிருக்கின்றது. நினைவு கொண்டோரும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே கோவையில் தளப்படமும் ஒளிக்குறிப்பு நிரலும் துணித்துண்டும் இருத்தல் வேண்டும். அவற்றினும் முக்கியமாக, கைவிடப்பட்ட முதல் வரைபும் அது கைவிடப்பட்ட காரணமும் இருத்தல் வேண்டும். ஆறு விளக்குகள் கேட்ட இடத்தில் மூன்றே கிடைத்து, அம்மூன்றினால் ஓர் இரவினை உருவாக்கிய மாணவி, அந்தப் பற்றாக்குறையையும் தன் கணக்கையும் எழுதிவைப்பாளாயின், அது எந்தப் பளபளப்பான படத்தினும் பெறுமதியானது. (இன்று கைத்தொலைபேசிகளில் நூற்றுக்கணக்கான படங்கள் கிடக்கின்றன. திகதியும் காட்சியும் குறிக்கப்படாதவை அவை.)

இங்கு ஒரு முரண்பாடும் எழுகின்றது. கூட்டுழைப்பின் விளைவைத் தனியொருவர் தமது கோவையில் எவ்வாறு உரிமை கோருவது? வரைந்தவர், தைத்தவர், ஆணி அடித்தவர் என வெவ்வேறாகப் பெயர் குறிப்பதன்றி நேர்மையான வழி வேறில்லை. தச்சனின் பெயர் விடுபட்ட மேடையமைப்புப் பக்கத்தைப் பரீட்சகர் ஏற்கலாகாது.

மாணவர் பட்டம் பெற்று வெளியேறுகையில் கோவையும் அவருடன் போய்விடுகின்றது. அதன் ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்தில் வைக்கப்படுமாயின், அடுத்த ஆண்டு அதே மண்டபத்தில் வேலை செய்ய வருபவர், அங்குள்ள மின்சுற்று எத்தனை விளக்குகளைத் தாங்கும் என்பதை ஒத்திகை இருளில் நின்று மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிராது.