சுரூபமாகாத முகம்

பாரிஸ் மாநகரில் ரோடின் அருங்காட்சியகம் அமைந்துள்ள பிரோன் மாளிகை, 1904 வரை திரு இருதய சபைக் கன்னியர் பெண்கள் பள்ளி நடத்திய இடம். 'சிந்தனையாளன்', 'முத்தம்' ஆகிய புகழ்பெற்ற சிற்பங்களைத் தேடி வருவோர் பெரிதும் பொருட்படுத்தாத மார்பளவுச் சிலையொன்று அத்தொகுப்பில் உண்டு. அருட்தந்தை பீட்டர் ஜூலியன் ஐமார்டின் சிலை அது. உயரம் ஏறத்தாழ 60 செ.மீ. அதை ரோடின் வடித்தது 1863இல்.

1862 டிசம்பரில், துறவற மடத்தில் நவதுறவியாயிருந்த அவருடைய தமக்கை மரியா இறந்தார். துயரம் தாளாத தம்பி, ஐமார்ட் 1856இல் நிறுவிய நற்கருணைச் சபையில் புகுந்து 'சகோதரர் அகுஸ்தீன்' ஆனார். துக்கம் வேறு, தேவ அழைத்தல் வேறு என்பதை ஐமார்ட் கண்டுகொண்டார். ஏழாண்டே நிறைந்த சிறு சபை. வந்தவரைத் தக்கவைத்துக்கொள்ளவே எவரும் நினைத்திருப்பர். அவரோ இளைஞனின் கையில் களிமண்ணைத் தந்து, தாமே உருமாதிரியாக அமர்ந்து, இறுதியில் கலைக்கே திருப்பி அனுப்பினார்.

அந்த முகத்தில் இனிமை தேடுவோர் ஏமாறுவர். ஒட்டிய கன்னம், இறுகிய உதடு, குழிந்த கண்களில் கூர்மை. நம் ஆலயச் சுரூபங்களில் புனிதர் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தாற்போல், ரோஜா நிறக் கன்னத்தோடு வானத்தை நோக்குகின்றனர். அவற்றின்முன் செபிக்கலாம், எவரையும் அடையாளம் காண இயலாது. இங்கோ உறக்கம் குறைந்த, பிடிவாதமுள்ள ஒரு மனிதர் இருக்கிறார். நெற்றியின் இருபுறமும் மேலெழும் மயிர்க்கற்றைகள் பேயின் கொம்புகளை நினைவூட்டுவதாக ஐமார்ட் மனம் வருந்தினார் என்றும், மாற்ற ரோடின் இசையவில்லை என்றும் சொல்லப்படுகிறது. குருவின் கூச்சம் இயல்பானதே. ஆயினும் கலைஞன் பக்கமே நியாயம் என்பேன். அக்கற்றைகளைப் படியவாரினால் அம்முகத்தின் வேகம் பாதி அடங்கிவிடும்.

குறை ஒன்றுண்டு. மார்பின்மேல் விரிந்த சுருளேட்டில் நற்கருணைக்குப் புகழ்ச்சி கூறும் இலத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. பக்தியை முகமே சொல்லிவிட்டபின் எழுத்து எதற்கு? இளம் சிற்பி தன் கையை இன்னும் முழுதாக நம்பவில்லை போலும்.

அந்த நம்பிக்கை விரைவில் வந்தது. 1863-64இல், அக்கம்பக்கத்தில் சில்லறை வேலை செய்து பிழைத்த ஓர் ஏழை முதியவரை அமர்த்தி 'மூக்குடைந்த மனிதன்' முகத்தை வடித்தார். அதில் வாசகம் ஏதும் இல்லை. உடைந்த மூக்கு உடைந்தவாறே இருக்கிறது. ஐமார்டைத் திருத்தந்தை 23ஆம் யோவான் புனிதராக உயர்த்தியது 1962 டிசம்பர் 9இல். சிலையில் அந்த மயிர்க்கற்றைகள் அப்படியே நிற்கின்றன.