நிழலைத் துரத்தியவர்

'ஐ லவ் லூசி' அமெரிக்க காமெடித் தொடர். 1951-ல் ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளைதான். ஆனாலும் இன்றைக்குப் போட்டுப் பாருங்கள், துடைத்து வைத்த மாதிரி பளிச்!

அப்போது பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு. மேற்குக்கரை ஜனங்களுக்கு, டி.வி. திரையையே படமெடுத்துப் போடுவார்கள். 'கினெஸ்கோப்' என்று பெயர். மூஞ்சியெல்லாம் கலங்கலாகத் தெரியும். லூசில் பாலும் கணவர் டெஸி ஆர்னாஸும் 'ஹாலிவுட்டை விட்டு வரமாட்டோம், 35 எம்.எம். ஃபிலிமில்தான் எடுப்போம்' என்று அடம்பிடித்தார்கள். செலவு? சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, ஃபிலிமின் உரிமையைத் தங்கள் பக்கம் வாங்கிக்கொண்டார்கள். (பி.காம். புத்தி இங்கே எழுந்து நின்று கைதட்டுகிறது!)

கேமராமேன் கார்ல் ஃப்ராய்ண்ட். 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தில் இருட்டோடு விளையாடிய கைகாரர். இங்கே எதிரே ரசிகர்கள், ஒரே சமயத்தில் மூன்று கேமரா. எந்தக் கோணத்திலும் நிழல் விழக்கூடாது. மேலேயிருந்து சீராக வெளிச்சம் பாய்ச்சி, செட்டுக்கெல்லாம் சாம்பல் சாயலில் பெயின்ட் அடிக்கவைத்தார். அழகா என்றால், இல்லை. கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால், 1952-ல் வந்த சாக்லேட் ஃபேக்டரி எபிசோடைப் பாருங்கள். பெல்ட் வேகமெடுக்க, லூசி சாக்லேட்டை வாயிலும் தொப்பியிலும் திணிக்கிறார். முழி பிதுங்குகிறது. கினெஸ்கோப்பில் அந்த முழி தெரிந்திருக்குமா?