நான்கு சப்தங்கள்

ஒரு பொருளை ரசிப்பது வேறு. அதன் கதையை ரசிப்பது வேறு. அமெரிக்காவில் பழைய பாணி ரிவால்வர்களைத் தேடி வாங்குகிறவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த வித்தியாசம் என் நினைவுக்கு வருகிறது.

கோல்ட் கம்பெனியின் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' என்ற ரிவால்வரை அமெரிக்க ராணுவம் 1873-ல் ஏற்றுக்கொண்டது. கௌபாய் சினிமா பார்த்தவர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும். நீண்ட குழல், ஆறு தோட்டாக்களுக்கு இடமுள்ள உருளை, அழகாக வளைந்த பிடி. ஒவ்வொரு முறை சுடுமுன்பும் பின்புறமுள்ள சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். விசையை அழுத்தினால் சுத்தி விழும். விசைக்கு அந்த ஒரு வேலைதான். அதனால்தான் அந்தப் பெயர். 1940-ல் கோல்ட் இதைச் செய்வதை நிறுத்திவிட்டது. டெலிவிஷனில் கௌபாய் கதைகள் பெருகிய பிறகு, 1956-ல் மறுபடி செய்ய ஆரம்பித்தது. ராணுவத்துக்காகப் பிறந்த பொருளுக்குக் கதை கொடுத்த மறுபிறப்பு அது!

கதையை வாங்குகிறவன் முதலில் அலங்காரத்தைப் பார்க்கிறான். பின்னாளில் புகழ்பெற்ற ஜெனரல் பேட்டன் 1916-ல் டெக்ஸாஸில் இப்படி ஒரு துப்பாக்கி வாங்கினார். வெள்ளி முலாம், உடலெங்கும் கொடி வேலைப்பாடு, தந்தப் பிடி. அதே வருஷம் மெக்ஸிகோவில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு அந்தத் தந்தத்தில் இரண்டு கீறல்கள் ஏறின. செத்தவர்களின் கணக்கு! சித்திர வேலைக்குப் பக்கத்திலேயே அந்தக் கீறல்களும் இருப்பதை நினைத்தால், அலங்காரம் எதையும் மறைத்துவிடுவதில்லை என்று தெரிகிறது.

வேலையை வாங்குகிறவன் வேறு விதமாகப் பார்க்கிறான். புடவையை மறுபுறம் திருப்பிப் பார்த்து நெசவை எடைபோடுகிற பெண்களின் பார்வை அது. உள்ளே தோட்டா இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, சுத்தியை முழுவதும் இழுத்து நிறுத்தி, உருளையை விரலால் அசைத்துப் பார்க்கிறான். பக்கவாட்டில் ஆடுகிறதா? முன்னும் பின்னும் நகர்கிறதா? ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து நின்றால்தான் தோட்டா நேராகப் போகும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால், பழக்கமில்லாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். விளிம்புகள் மழுங்கி, பொறித்த எழுத்துக்கள் தேய்ந்திருந்தால், புதிது போல் காட்ட யாரோ மெருகேற்றியிருக்கிறார்கள். நியாயமாகத் தேய்ந்த பழைய துப்பாக்கிக்குக் கிடைக்கும் மதிப்பு, இப்படி இளமை வேஷம் போட்டதற்குக் கிடைப்பதில்லை. மனிதர்கள் விஷயத்திலும் இது உண்மைதான்.

சட்டத்தின் மேல் நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் மேகம் போல் கலந்திருக்கும். இது பூசிய வர்ணமல்ல. எலும்புக் கரியும் மரக்கரியும் நிறைந்த பெட்டியில் இரும்பை வைத்துப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் இறக்குவார்கள். இரும்பின் மேற்பரப்பு கடினப்படுவதற்காகச் செய்த வேலை அது. நிறம் அதன் கூலி. உபயோகத்திலிருந்து பிறந்த அழகுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வையோமிங்கில் 'ஃப்ரீடம் ஆர்ம்ஸ்' என்ற சிறிய ஸ்தாபனம், உருளையைச் சட்டத்திலேயே பொருத்தி நிறுத்தி, ஒவ்வோர் அறையையும் குழலுக்கு நேராகக் குடைகிறது. விலை அதிகம். ஆனால் அந்த விலை பூவேலைக்கு அல்ல, பொருத்தத்துக்கு.

இதுவரை ரசிகர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை சப்தத்தில் ஆரம்பிக்கிறது.

கோல்ட்டின் சுத்தியை மெதுவாக இழுத்தால் நான்கு முறை 'க்ளிக்' என்று கேட்கும். கம்பெனியின் பெயரில் உள்ள நான்கு ஆங்கில எழுத்துக்களையே அது உச்சரிக்கிறது என்று ரசிகர்கள் உருகுவார்கள். அந்த நான்கில் முதல் சப்தம் ஒரு காவல் பள்ளத்துடையது. சுத்தியின் ஊசி தோட்டாவில் படாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அது பலவீனமான காவல். துப்பாக்கி சுத்தியின் மேல் விழுந்தால் பள்ளம் உடைந்து வெடித்துவிடலாம். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலியான அறையின் மேல் சுத்தியை இறக்கி வைத்தார்கள். யந்திரத்தின் குறையை மனிதனின் ஞாபகம் சுமந்தது. ஞாபகம் தவறியவன் தன் காலையோ பக்கத்தில் நின்றவனையோ சுட்டான்.

ரூகர் கம்பெனி 1953-லிருந்து இதே பாணியில் ரிவால்வர் செய்துவந்தது. எளிதில் ஒடியும் தட்டை வில்களுக்குப் பதில் சுருள் வில்களைப் போட்டது. ஆபத்து மட்டும் அப்படியே இருந்தது. 1973-ல் அதையும் மாற்றியது. விசையை அழுத்தியிருக்கும்போது மட்டும் ஒரு சிறு தகடு மேலெழும்பி சுத்தியின் அடியை ஊசிக்குக் கடத்தும்; மற்ற நேரத்தில் சுத்தி ஊசியைத் தொடாது. ஆறு அறைகளையும் நிரப்பலாம். பழைய துப்பாக்கியை அனுப்பினால் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்து, கழற்றிய உறுப்புகளையும் திருப்பித் தருகிறார்கள்.

ஆனால் நான்கு சப்தங்கள் போய்விட்டன. ரசிகர்கள் புலம்பினார்கள். மாற்றினால் மதிப்புக் குறையும் என்று பலர் பழையதை அனுப்புவதே இல்லை. பூட்டி வைக்கிறவன் அப்படிச் செய்வதில் பாதகமில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவனும் அந்தச் சப்தத்துக்காக மாற்ற மறுத்தால், ரசனை நோயாகிவிட்டது என்றே சொல்வேன்.

கொல்லும் கருவியில் அழகு ஏது என்று கேட்பவர்களோடு நான் சேரமாட்டேன். வாளையும் வேலையும் ரசித்த இனம் மனித இனம். அழகாயிருப்பதால் அது கொல்லும் கருவியல்ல என்று நடிப்பவர்களோடும் சேரமாட்டேன். கைத்திறனை அளக்க என்னிடம் ஒரே கோல்தான் உண்டு: செய்தவனின் கவனம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது? 1873-ல் அது பிடிக்கும் கையின் வளைவுவரை போயிற்று. அது சாதாரண தூரமில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தப் பிடியை மிஞ்ச ஆளில்லை. 1973-ல் அந்தக் கவனம் இன்னும் இரண்டடி நகர்ந்து, பக்கத்தில் நிற்பவனையும் எட்டியது.

வாங்குகிறவன் பழையதை வாங்கட்டும்; ஐந்து தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளட்டும். நான்கு சப்தங்களையும் கேட்டு மகிழட்டும். ஆனால் சிறந்த வேலை எது என்று கேட்டால், சப்தமில்லாமல் மேலெழும்பும் அந்தச் சிறு தகட்டைத்தான் நான் காட்டுவேன்.