பெட்டிசமும் எழுத்துத்தான்

எங்கட ஊர்ப் பக்கம் 'பெட்டிசக்காரன்' என்பது நல்ல பெயரல்ல. பெயர் போடாமல் அயல் வீட்டார் மீதும் பள்ளி நிருவாகத்தின் மீதும் மொட்டைக் கடிதம் போடுகிறவன் என்றுதான் அர்த்தம். கவிதை எழுதுகிறவருக்குப் பொன்னாடை, பெட்டிசம் எழுதுகிறவருக்கு ஏச்சு. கல்முனை முதல் பொத்துவில் வரை நாம் வளர்த்து வைத்திருக்கும் இந்த ரசனையை விமர்சனத்துக்கு உட்படுத்த வேண்டிய காலம் வந்துவிட்டது.

2004 டிசம்பர் 26 அன்று மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளைக் கடல் அள்ளிச் சென்ற பின்னர் இங்கே நிறையக் கவிதைகளும் கதைகளும் எழுந்தன. அவற்றின் கண்ணீரில் பொய் இல்லை. மௌத்தானவர்களுக்காக அழத்தான் வேண்டும். ஆனால் நான் வாசித்தவற்றுள் அநேகமானவற்றில் கடல் மட்டுமே குற்றவாளி. கடலுக்குப் பதில் எழுதும் கடமை இல்லை, கந்தோருக்கு உண்டு. மாற்றுக் காணி எங்கே, வீட்டுப் பட்டியலை யார் தயாரித்தது என்ற கேள்விகளை அந்தப் பக்கங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நுரைச்சோலையைப் பாருங்கள். அக்கரைப்பற்றை அண்டிய அந்த இடத்தில், சுனாமியில் வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபிய உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பயனாளிகள் தெரிவை எதிர்த்து 2008இல் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு ஒன்று போனது. 2009இல் வந்த தீர்ப்போடு அந்தப் பங்கீடு நின்றது. வீடுகள் வருஷக் கணக்காக ஆளில்லாமல், பற்றை மண்டிக் கிடந்தன. தீர்ப்பின் நியாய அநியாயம் வேறு விவாதம். எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: அந்தப் பங்கீட்டை நிறுத்தியது மேடைப் பேச்சல்ல. திகதியும் இலக்கமும் கையொப்பமும் உள்ள சில தாள்கள்.

அப்படியானால் இலக்கியத்தைப் பெட்டிசமாக்கச் சொல்கிறேனா? இல்லை. கல்முனைக்குடி தந்த எம்.ஏ.நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றிய கவிதை அது. கனவுபோல் தொடங்கினாலும் கொன்றவர் யார், என்ன உடையில் வந்தனர், சடலம் எந்தப் படிக்கட்டருகே கிடந்தது என்று சாட்சி வாக்குமூலம் போல் சொல்கிறது. அதன் பலம் அந்தத் துல்லியம்தான். நல்ல கவிதைக்கும் நல்ல மனுவுக்கும் பொதுவான குணம் அது.

சித்திலெப்பை விடயத்திலும் நமது பார்வை ஒருபக்கமானது. 1885இல் வந்த 'அசன்பேயுடைய சரித்திரம்' பற்றிக் கருத்தரங்கு வைக்கிறோம். அதற்கு முன்னரே, 1882இல், 'முஸ்லிம் நேசன்' தொடங்கிப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று சமூகத்தோடு வழக்காடிய அந்தச் சட்டத்தரணியின் உரைநடையை எத்தனை பேர் இலக்கியமாக வாசித்திருக்கிறோம்?

இன்று நமது கையில் அவருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால், முதலில் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, பிறகு ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம்.

ஆனால் சட்டம் வசனம் எழுதித் தராது. வடிகான் அடைத்த ஒரு தெருவை நினையுங்கள். "எமது மக்கள் படும் துயரம் சொல்லி மாளாது" என்று எழுதினால் அலுவலர் அனுதாபத்தோடு கோவையில் போட்டு மூடிவிடுவார். "இந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த மாதம் முதல் தண்ணீர் நிற்கிறது, இதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு" என்று எழுதினால் அவர் பதில் தேட வேண்டும். முதல் வசனத்துக்குக் கைதட்டல் கிடைக்கும், இரண்டாவதற்குத் தகவல் கிடைக்கும்.

நமது இலக்கிய வட்டங்கள் மாதத்தில் ஒரு அமர்வை இதற்கு ஒதுக்கினால் என்ன? கவிதையைப் பிரித்து மேய்வதுபோல் ஒரு கோரிக்கைக் கடிதத்தையும் வசனம் வசனமாகப் பார்க்கலாம். நாளை ஒரு ராத்தா கந்தோர்க் கடிதத்தோடு வந்து, "தம்பி, இதுக்கொரு பதில் எழுதித் தாங்க" என்றால், அதை எழுதுவதும் எழுத்தாளன் வேலைதான். பெயரும் திகதியும் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றை அவ கையில் கொடுங்கள். பெயர் போட்ட பெட்டிசத்துக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.